சிறுநீர் அதிகமாகப் போகிறதா? முதலில் அளந்து பாருங்கள்

“அடிக்கடி யூரின் போகுது டாக்டர்.” இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஒரு நாளில் பதினைந்து முறை போகிறார், ஒவ்வொரு தடவையும் 100 மில்லி கூடத் தேறாது. இன்னொருவர் எட்டு முறைதான் போகிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் அரை லிட்டர். முதல் ஆளுக்குத் தொல்லை பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலோ, புராஸ்டேட்டிலோ, நீர்த்தாரைக் கிருமித் தொற்றிலோ இருக்கும். இரண்டாவது ஆளுக்குத்தான் உடம்பு உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சிறுநீரை உண்டாக்குகிறது. இருவருக்கும் செய்ய வேண்டிய பரிசோதனைகளும் வேறு, பார்க்க வேண்டிய மருத்துவரும் வேறாக இருக்கலாம்.

ஆக, எத்தனை முறை போகிறோம் என்பதை விட எவ்வளவு போகிறது என்பதே முதல் கேள்வி. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் அளவு நீர் அருந்துபவருக்கு 800 மில்லி முதல் 2 லிட்டர் வரை சிறுநீர் பிரிவது வழக்கம். வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 3 லிட்டரைத் தாண்டினால் அது அதிகம் என்பது பொதுவாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒரே கோடு பொருந்தாது என்பதால், கிலோவுக்கு 40 முதல் 50 மில்லி என்று எடையை வைத்தும் பார்ப்பார்கள். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இரண்டே கால் லிட்டரே அதிகம்தான். குழந்தைகளுக்குக் கணக்கே வேறு, அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இந்த அளவை வீட்டிலேயே எடுத்துவிடலாம். செலவும் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒன்று.

அளந்துகொண்டு உட்காரக் கூடாதவர்கள்

நிறையச் சிறுநீர் போவதோடு வாந்தி, வயிற்று வலி, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவது, மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை, அரைத்தூக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். ரத்தச் சர்க்கரை மிக அதிகமாகி உடம்பில் அமிலம் சேரும் நிலையாக இது இருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்து, எண்ணே வராமல் ‘ஹை’ என்று காட்டினாலும் அதே அவசரம்தான்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைக்கிறது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறது, எடை குறைகிறது என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். “வெயில் காலம், அதான் தண்ணி குடிக்கிறான்” என்று நாட்களைத் தள்ளுவதுதான் இதில் வழக்கமாக நடக்கிறது. முதல் வகை சர்க்கரை நோய் பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலேயே முற்றி, மயக்கம் வரை கொண்டுபோய் விடும். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு நிமிடம்: அவ்வளவுதான் பரிசோதனை.

தலையில் அடிபட்டவர்கள், மூளையில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள், கர்ப்பிணிகள், தாகம் எடுத்தால் தானே எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாத முதியவர்கள் ஆகியோருக்குத் திடீரென்று சிறுநீர் கூடினாலும் காத்திருக்கக் கூடாது. குளிர் காய்ச்சல், விலா வலி, நீர்க்கடுப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் அது கிட்னி வரை ஏறிய தொற்றாக இருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

அளப்பது எப்படி

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஓர் அளவுக் குவளை. மருந்துக் கடையில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிவிட்டு, அளவு தெரிந்த ஒரு சின்ன பாட்டிலால் நீர் ஊற்றி ஊற்றி வெளியே மார்க்கரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கு அகன்ற வாய் உள்ள மக் வசதி. அதில் பிடித்து, பிறகு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கலாம்.

வேலைக்குப் போகாத நாளாகப் பாருங்கள். காய்ச்சல், பேதி, விரதம், கல்யாண விருந்து, நெடும்பயணம் உள்ள நாட்கள் வேண்டாம். மூன்று நாள் எழுதினால் நல்லது, முடியாவிட்டால் ஒரு முழு நாளாவது.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை அளக்க வேண்டாம், அது கழிப்பறைக்கே போகட்டும். அது நேற்றிரவு சேர்ந்தது. நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொன்றையும் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவதுதான் கடைசிக் கணக்கு, அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இரண்டு காலைச் சிறுநீரையும் சேர்த்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் ஒரு நாளுக்குள் இரண்டு ராத்திரி புகுந்துவிடும், அரை லிட்டர் வரை சும்மாவே கூடிப்போகும்.

மலம் கழிக்கப் போகும்போது முதலில் சிறுநீரைப் பிடித்துவிட்டு உட்காருங்கள். ஒரு தடவை தவறிப்போய்விட்டால் அதற்காக எல்லாவற்றையும் கைவிட வேண்டாம். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தொடருங்கள். மனக்கணக்காக ‘ஒரு 300 இருக்கும்’ என்று எழுதுவதை விடக் கேள்விக்குறி மேல்.

லேபிலிருந்தே 24 மணி நேரச் சிறுநீர் கேட்டுக் கேன் கொடுத்தால் முறை இதேதான், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். சில பரிசோதனைகளுக்கான கேனில் முன்கூட்டியே கொஞ்சம் அமிலம் ஊற்றியிருப்பார்கள். அதைக் கொட்டிக் கழுவக் கூடாது, அதற்குள் நேரடியாகச் சிறுநீர் கழிக்கவும் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டவும் கூடாது. இன்னொன்று, உங்களுக்கு நிறையப் போகிறது என்று தெரிந்தால் முதலிலேயே இரண்டு கேன் கேட்டு வாங்குங்கள். சாயங்காலத்துக்குள் கேன் நிரம்பிவிட்டது என்று மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு, நிரம்பிய கேனை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பரிசோதனையே வீண்.

குடிப்பதையும் எழுத வேண்டும்

சிறுநீர்க் கணக்கு மட்டும் பாதிக் கணக்குதான். வீட்டுச் சொம்பு, டம்ளர், காபி டம்ளர் ஆகியவற்றில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டால் பிறகு ‘2 டம்ளர்’ என்று எழுதினாலே போதும். மோர், கஞ்சி, கூழ், ரசம், இளநீர், தர்பூசணி எல்லாம் நீர்தான். “நான் தண்ணீரே குடிப்பதில்லை” என்பவர் ஒரு நாளில் ஆறு டீ குடித்திருப்பார்.

கூடவே இரண்டு விஷயம் குறியுங்கள். இரவில் எழுந்தது சிறுநீர் முட்டியதாலா, தாகத்தாலா? எழுந்தபோது தண்ணீர் குடித்தீர்களா? இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறதா, நிறையப் போவதால் நிறையக் குடிக்க வேண்டியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு இது உதவும். ராத்திரி மூன்று முறை எழுந்து, அதுவும் ஃபிரிட்ஜ் தண்ணீராகத் தேடிக் குடிக்கிறவரையும், பகல் முழுக்க பாட்டிலும் கையுமாக இருந்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவரையும் மருத்துவர் ஒரே மாதிரி யோசிக்க மாட்டார்.

எண்களை எப்படிப் படிப்பது

மொத்தத்தைக் கூட்டுங்கள். 3 லிட்டருக்கு நன்றாகக் கீழே, தடவைக்கு 100, 150 மில்லி என்றுதான் போகிறது என்றால் இது உற்பத்திச் சிக்கல் இல்லை. சிறுநீர்ப்பை தாராளமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். அதற்குள் அவசரப்படுத்துகிறது என்றால் தொற்று, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்ப்பையின் அதீதச் சுறுசுறுப்பு என்று பார்க்க வேண்டும். பொது மருத்துவரோ சிறுநீரகவியல் அறுவை மருத்துவரோ இதைப் பார்ப்பார்கள்.

அடுத்து இரவுக் கணக்கு. படுத்த பிறகு எழுந்து போனது எல்லாம், காலை முதல் சிறுநீரையும் சேர்த்து இரவுப் பங்கு. படுக்கப் போகும் முன் போனது பகலோடு சேரும். ஒருவருக்கு மொத்தம் 1800 மில்லி, அதில் இரவில் மட்டும் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் குற்றம் இல்லை, ஆனால் பாதி இரவில் போகிறது. வயதானவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பகல் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிக் கிட்னி வழியாக இறங்கும். இதய பலவீனம், சத்தமான குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சாயங்காலம் போட்டுக்கொள்ளும் நீர் மாத்திரை என்று வேறு காரணங்களும் உண்டு. சாயங்காலம் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்து, குழி விழுந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மொத்தமே 3 லிட்டரைத் தாண்டினால்? அடுத்த வேலை மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

எல்லா அட்டைகளையும் எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். ஃபுரோசமைடு, டோர்செமைடு போன்ற நீர் மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகின்றன. பிரஷர் மாத்திரை என்ற பெயரில் வருகிற சில கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் நீர் மாத்திரை ஒளிந்திருக்கும். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் இப்போது பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள், கூடவே நீரும் போகும். இவற்றை எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை நன்றாக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாத நாளில் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மனநலத்துக்காக லித்தியம் எடுப்பவர்களுக்குக் கிட்னி நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதால் காரணம் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகிவிடும்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று, வைட்டமின் டி. 60,000 யூனிட் கொண்ட சின்னப் பொட்டலம் அல்லது மாத்திரை வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்று சில வாரங்களுக்குத் தருவார்கள். அதைத் தினமும் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், சீட்டு முடிந்த பிறகும் கடையில் வாங்கித் தொடர்கிறவர்கள் இன்னும் அதிகம். ரத்தத்தில் கால்சியம் எகிறினால் சிறுநீர் கூடும், தாகம் கூடும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்குக் குழப்பமும் வரும். நாட்டு மருந்துப் பொடி, லேகியம் எதுவானாலும் அதையும் பட்டியலில் சேருங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், பட்டியல் போடுவது மட்டும்தான் உங்கள் வேலை.

முதல் பரிசோதனை சர்க்கரைதான்

நம் ஊரில் 3 லிட்டருக்கு மேல் போகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோயையே. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை கூடினால் சிறுநீர் கூடுவதற்குக் காரணம் எளிது. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, கிட்னியால் அதை முழுக்கத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. சர்க்கரை தனியாகப் போகாது, நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தாகம், அதனால் இன்னும் குடிப்பது.

தாகத்துக்குக் குளிர்பானமும் ஜூஸும் குடிக்கிறவர்கள் இந்தச் சுழலை இன்னும் வேகப்படுத்துகிறார்கள். முடிவு தெரியும் வரை வெறும் தண்ணீர் போதும்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல், தாகமும் சிறுநீரும் அதிகமாக உள்ளபோது எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 அல்லது அதற்கு மேல்: இவை சர்க்கரை நோயைக் காட்டும் எண்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

அதே ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஐந்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கிரியேட்டினின் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள்: “யூரின்தான் நல்லாப் போகுதே, கிட்னிக்கு என்ன?” இது தப்பு. கிட்னி நோயின் தொடக்கத்தில் முதலில் கெடுகிறவற்றில் ஒன்று, சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன். தண்ணீர் போல வெளிறிய சிறுநீர் நிறையப் போய்க்கொண்டிருக்கும்போதே ‘உப்பு’ (கிரியேட்டினினைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) ஏறிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு போகிறது என்பதை வைத்துக் கிட்னிக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

சர்க்கரை சரியாக இருந்தால்

கிட்னி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்க வேண்டும் என்று சொல்வது மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். அது சுரக்காமல் போகலாம், அல்லது சுரந்தும் கிட்னி கேட்காமல் இருக்கலாம். இரண்டிலும் சர்க்கரையே இல்லாத, தண்ணீர் போன்ற சிறுநீர் நாளுக்கு 5, 10 லிட்டர் என்று கூடப் போகும். ரிப்போர்ட்டில் ‘டயாபடிஸ் இன்சிபிடஸ்’ என்று இருக்கும். 2022-இலிருந்து வாசோபிரெசின் குறைபாடு, வாசோபிரெசின் எதிர்ப்பு என்ற பெயர்களும் வந்திருக்கின்றன. இது சர்க்கரை நோய் இல்லை. சொந்தக்காரர் சொன்னார் என்று சோற்றைக் குறைக்க வேண்டாம்.

மூன்றாவது வாய்ப்பு, உடம்பில் குறையே இல்லாமல் அளவுக்கு மீறிக் குடிப்பது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் குடித்தால் எல்லா நோயும் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, நாளுக்கு 6 லிட்டர் குடிப்பவருக்கு 5 லிட்டர் போகத்தான் செய்யும். இது சாதாரணமாகத் தெரிந்தாலும், வரம்பு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகக்கூடும்.

இந்த மூன்றையும் பிரிக்கச் சிறுநீரின் அடர்த்தியையும் ரத்தச் சோடியத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதில் தெளிவு வராவிட்டால், தண்ணீர் கொடுக்காமல் சில மணி நேரம் வைத்துச் சிறுநீர் கெட்டியாகிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. மருத்துவமனையில், மணிக்கு மணி எடையும் ரத்தமும் பார்த்துக்கொண்டே செய்வார்கள், எடை குறிப்பிட்ட அளவு குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். பிறகு வாசோபிரெசினைப் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரெசின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு, சிறுநீர் குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் கோளாறு ஹார்மோன் சுரப்பில், குறையாவிட்டால் கிட்னியில்.

இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. “தண்ணியைக் குறைச்சா தானா குறையும்” என்று முதியவரின் சொம்பை எடுத்து ஒளித்துவைப்பதும் இதே ஆபத்துதான். ஹார்மோன் இல்லாதவருக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் சிறுநீர் நிற்காது. சில மணி நேரத்தில் உடம்பு வற்றி, சோடியம் ஏறி, நினைவு தப்பும். காரணம் தெரியும் வரை விதி ஒன்றுதான்: தாகத்துக்குக் குடியுங்கள், தாகம் இல்லாமல் கட்டாயப்படுத்திக் குடிக்காதீர்கள். இதய நோய்க்காகவோ கிட்னி நோய்க்காகவோ ஏற்கெனவே மருத்துவர் நீர் அளவு குறித்துக் கொடுத்தவர்கள் மட்டும் அந்த அளவை மாற்றும் முன் அவரிடம் கேட்க வேண்டும்.

டெஸ்மோபிரெசின் மாத்திரையோ மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயோ தொடங்கியவர்கள் பழைய பழக்கத்தில் லிட்டர் லிட்டராகக் குடிக்கக் கூடாது. மருந்து நீரைப் பிடித்துவைக்கும், அதன் மேல் குடித்தால் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் உடனே காட்டுங்கள். கிட்னி கேட்காத வகையில் உப்பைக் குறைக்கச் சொல்லி, தயசைடு வகை நீர் மாத்திரை கொடுப்பார்கள். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையே இங்கே குறைக்கும். விசித்திரம்தான், ஆனால் சரியான மருந்துதான், சீட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

முதலில் பொது மருத்துவர் போதும். தேவைக்கேற்ப ஹார்மோன் மருத்துவரிடமோ கிட்னி மருத்துவரிடமோ அவர் அனுப்புவார். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதனால் எண்ணில் தொடங்குங்கள்: “24 மணி நேரத்துல 4 லிட்டர் போகுது, அதுல ராத்திரி மட்டும் ஒன்றரை. குடிக்கிறது நாலரை. ஒரு மாசமா இப்படி. எடை 3 கிலோ குறைஞ்சிருக்கு.” நோட்டையும் மாத்திரைப் பட்டியலையும் மேஜையில் வையுங்கள். எப்போது தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். நாள் சொல்லும் அளவுக்குத் திடீரென்று தொடங்கியதா, மெல்ல மெல்லக் கூடியதா என்பது முக்கியம்.

இதற்கிடையில் வீட்டில் வயதானவர் இருந்தால், படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போடுங்கள், வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். இரவில் நான்கு முறை எழுபவருக்கு இடுப்பெலும்பு முறிவு ஒரு நிஜமான ஆபத்து.

சிகிச்சை தொடங்கி இரண்டு வாரம் கழித்து, அதே குவளையில் இன்னொரு நாள் அளந்து பாருங்கள். சர்க்கரை 180-க்குக் கீழே நின்ற பிறகும் 3 லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அடுத்த தேதி வரை பொறுக்காமல் போய்ச் சொல்லுங்கள். சர்க்கரையோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம், அதைத் தேட வேண்டும்.